சிங்கப்பூர் டு நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? ஒரே கேள்விக்கு ஏன் இத்தனை பதில்கள்?

போனை எடுத்து 'சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?' என்று தேடிப் பாருங்கள். ஒரு தளம் 15,349 என்று சொல்லும். இன்னொன்று 9,537 என்கும். மூன்றாவது 8,287 என்று காட்டும். 2018-ல் இந்த ரூட்டை மறுபடியும் ஆரம்பித்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கொடுத்த அறிவிப்பிலோ 'சுமார் 16,700 கி.மீ.' என்று இருந்தது.

சரி, நேரத்தையாவது பார்ப்போம் என்றால் அங்கேயும் அதே கூத்துதான். ஒரு தளம் பதினேழரை மணி நேரம் என்கிறது, இன்னொன்று பதினெட்டரை என்கிறது. டிக்கெட் ஆப்பில் 24 மணி நேரம் என்றும் ஒரு விமானம் வருகிறது. கிளம்பும் நேரம், இறங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால், அதிகாலை 2.25-க்கு ஏறி அதே நாள் காலை 7.30-க்கு இறங்கிவிடலாம். அட, ஐந்தே மணி நேரம்!

இதில் எது சரி? எல்லாமே சரிதான். ஒவ்வொரு எண்ணும் வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். எந்த எண் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரியாமல் டிக்கெட் போட்டால், கனெக்டிங் ஃப்ளைட்டைத் தவறவிடலாம், ஹோட்டலைத் தப்பான தேதிக்கு புக் செய்யலாம், அழைக்க வரும் நண்பரை வேறு ஏர்போர்ட்டில் காக்க வைக்கலாம். அதனால் உலகின் நீளமான இந்த ஒரு ரூட்டை வைத்தே கணக்கைப் புரிந்துகொள்வோம். இது புரிந்தால் எந்த இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

ஒரு பார்வையில்

* எங்கிருந்து: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம்
* எங்கே: நியூயார்க் ஜான் எஃப். கென்னடி (ஜே.எஃப்.கே) விமான நிலையம்
* மிகக் குறுகிய தூரம்: 15,349 கி.மீ.
* உண்மையில் பறக்கும் தூரம்: அன்றைய ரூட்டைப் பொறுத்து அதைவிட அதிகம்
* நேரம்: 18 முதல் 19 மணி நேரத்துக்குள்
* விமானம்: ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர்
* நேர வித்தியாசம்: நியூயார்க்கைவிட சிங்கப்பூர் 12 அல்லது 13 மணி நேரம் முன்னால்

15,349: பூமி சொல்லும் தூரம்

போனில் இருக்கும் தட்டையான மேப்பில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துப் பாருங்கள். இந்தியப் பெருங்கடல், அரேபியா, வட ஆப்பிரிக்கா, அட்லான்டிக் என்று கோடு மேற்கே போகும். 'இதுதான் ஷார்ட் ரூட்' என்று கண் சொல்லும். ஆனால், அந்தக் கோட்டிலேயே பறந்தால் ஏறக்குறைய 18,500 கி.மீ. ஆகிவிடும்.

காரணம், பூமி உருண்டை, மேப் தட்டை. வீட்டில் ஒரு சாத்துக்குடி இருந்தால் எடுங்கள். அதில் இரண்டு புள்ளி வைத்து, ஒரு நூலை இரண்டுக்கும் நடுவே இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே எந்த வழியில் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் 'பெருவட்டப் பாதை' என்பார்கள். தூரம் சொல்லும் எல்லா தளங்களும் இந்த நூலைத்தான் அளக்கின்றன.

சிங்கப்பூர் - நியூயார்க் ஜோடியில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சாங்கி இருப்பது கிழக்கே 104 டிகிரி தீர்க்கரேகையில். ஜே.எஃப்.கே இருப்பது மேற்கே 74 டிகிரியில். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது, உருண்டையில் இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர் பக்கம். அப்படியானால் நடுவில் இருக்கும் ஷார்ட்கட் எது? வட துருவம்!

போன் கால்குலேட்டரைத் திறங்கள். சாங்கி, பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.36 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி. ஜே.எஃப்.கே 40.64 டிகிரியில் இருக்கிறது. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 டிகிரி. மொத்தம் 138 டிகிரி. பூமியில் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் 15,345 கி.மீ. தளங்கள் சொல்லும் எண்ணுக்கு நான்கே கி.மீ. குறைவு. பூமி சரியான உருண்டையாக இல்லாமல் துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதும், நாம் துருவத்தின் உச்சியைத் தொட்டுக் கணக்குப் போட்டதும் சேர்ந்து அந்தச் சின்ன வித்தியாசத்தைத் தருகின்றன.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் குறுகிய தூரம் சுமார் 20,000 கி.மீ.யைத் தாண்டாது. பூமியின் பாதிச் சுற்றளவு அவ்வளவுதான். அந்த உச்ச வரம்பில் முக்கால் பங்குக்கும் மேலான தூரத்தை இந்த விமானம் ஒரே மூச்சில் பறக்கிறது.

9,537-ம் 8,287-ம் எங்கிருந்து வந்தன?

இவை இரண்டும் அதே தூரம்தான். அளவுகோல் மட்டும் வேறு. 9,537 என்பது சாதாரண மைல் (ஒரு மைல் 1.609 கி.மீ.). 8,287 என்பது கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.). விமானிகளும் விமானத் தயாரிப்பாளர்களும் பேசுவது கடல் மைலில். அமெரிக்கத் தளங்கள் சாதாரண மைலில் காட்டும். எண்ணைப் பார்த்த உடனே பக்கத்தில் இருக்கும் அளவையும் பாருங்கள். இரண்டு தளங்களை ஒப்பிடும்போது பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

16,700: விமானம் உண்மையில் போகும் தூரம்

ஷார்ட்கட் துருவம் வழியாக இருக்கும்போது, ஏர்லைன்ஸ் ஏன் 1,300 கி.மீ.க்கு மேல் கூட்டிச் சொல்கிறது? அதில் பயணிகளை ஏமாற்றும் வேலை எதுவும் இல்லை. ஏர்லைன்ஸ் சொல்வது நூலின் நீளத்தை அல்ல, விமானம் சுற்றிப் போகும் வழியின் நீளத்தை. அந்த வழியை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

*காற்று:* தரையிலிருந்து ஒன்பது, பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஒரு காற்று ஆறு இருக்கிறது. பெயர் ஜெட் ஸ்ட்ரீம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டுவது அதற்கு சகஜம். குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைத் தாண்டி, இந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். திரும்பி வரும்போது அட்லான்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கும் நாட்களும் உண்டு. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. அதாவது, போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாச்சு!

*நாடுகளின் வான்வெளி:* அந்தத் துருவ நூல் சீனா, மங்கோலியா, ரஷ்யா, கனடா மேலே போகும். வானத்துக்கும் எல்லை உண்டு. அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, பல நாட்டு விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. ஃபின்லாந்தின் ஃபின்ஏர் அதற்குமுன் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் சுமார் 13 மணி நேரம். பூமி அதே பூமிதான். ஏர்போர்ட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நேரம் மட்டும் மூன்றரை மணி கூடிவிட்டது. நம் ஊர் உதாரணமும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

*அவசரத்துக்கு ஒரு ஏர்போர்ட்:* ஏ350-க்கு இரண்டு இன்ஜின்கள். ஒன்று நின்றுவிட்டால், மீதி ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க ஓர் ஏர்போர்ட் இருக்க வேண்டும் என்பது விதி. ரூட் போடுபவர்கள் இதை மனதில் வைத்துத்தான் கோடு வரைய வேண்டும்.

*குளிர்:* விமானங்களுக்குப் போடும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். துருவத்துக்குப் பக்கத்தில் வெளிக்காற்று அதைவிடக் குளிராக இருக்கும் நாட்கள் உண்டு. அதையும் கணக்கில் எடுத்தே வழி போட வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் புதிதாக ரூட் போடுகிறார்கள். அதனால் நேற்று போன வழியிலேயே இன்றைக்கும் போகும் என்று சொல்ல முடியாது.

காற்றின் பலத்தைக் காட்டும் ஒரு சம்பவம்

2020 பிப்ரவரி 8 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. அன்று சியாரா புயலோடு சேர்ந்து ஜெட் ஸ்ட்ரீம் பயங்கர பலமாக இருந்தது. தரையை வைத்துக் கணக்கிட்டால் விமானத்தின் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது.

'அப்போ ஒலியின் வேகத்தையே மிஞ்சிடுச்சா?' என்று கேட்காதீர்கள். காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. ஓடும் எஸ்கலேட்டரில் நீங்கள் நடப்பது மாதிரி. உங்கள் நடை மாறவில்லை. எஸ்கலேட்டர் உங்களைச் சேர்த்து நகர்த்துகிறது. எதிர்த் திசையில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒரே ரூட்டில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

பதினேழரையா, பதினெட்டரையா?

நேரத்தைச் சொல்லும் பல தளங்கள் செய்வது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற-இறங்க அரை மணி நேரம் கூட்டிக்கொள்கின்றன. மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 15,349 கி.மீ.க்குப் பதினேழரை மணி நேரம் வரும். 850 என்று வைத்தால் பதினெட்டரை. காற்றும் இல்லை, ரஷ்யாவும் இல்லை, ட்ராஃபிக்கும் இல்லை. தோராயமாக ஓர் ஐடியா கிடைக்க இது போதும். ப்ளான் போட இதை நம்பாதீர்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் வேறு வகை. அது கேட் டு கேட் நேரம். விமானம் கேட்டிலிருந்து நகர ஆரம்பிப்பது முதல், அந்தப் பக்கம் கேட்டில் போய் நிற்பது வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, டேக்-ஆஃபுக்கு வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு கேட் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். வழக்கமான தாமதங்களுக்காகக் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போடுவார்கள். 'எதிர்பார்த்ததைவிட 20 நிமிடம் முன்னாலேயே இறங்கிட்டோம்' என்று பைலட் பெருமையாக அறிவிக்கும்போது, அதில் இந்தக் கூடுதலுக்கும் பங்கு உண்டு.

உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டுமா? ஃப்ளைட்ரேடார்24 போன்ற ஆப்பில் விமானத்தின் எண்ணைத் தட்டுங்கள். கடந்த சில நாட்களாக எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வழியில் போனது என்று எல்லாம் காட்டும். எந்தக் கால்குலேட்டரையும்விட இது நம்பகமான பதில்.

காணாமல் போகும் செவ்வாய்க்கிழமை

இப்போது அந்த 'ஐந்து மணி நேர' மேஜிக்குக்கு வருவோம். 2020 நவம்பரில் ஜே.எஃப்.கே சேவை ஆரம்பித்தபோது அறிவித்த அட்டவணை இது: சிங்கப்பூரில் அதிகாலை 2.25-க்குக் கிளம்பும். அதே நாள் காலை 7.30-க்கு நியூயார்க். கடிகாரத்தின்படி 5 மணி 5 நிமிடம். ஆனால், அந்த சீசனில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால். இரண்டையும் கூட்டினால் 18 மணி 5 நிமிடம். நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கப்போவது அவ்வளவு நேரம்.

திரும்பும்போது நேர்மாறு. நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30-க்கு ஏறினால், சிங்கப்பூரில் இறங்குவது புதன் காலை 6.10-க்கு. உண்மையான பயண நேரம் 18 மணி 40 நிமிடம்தான். ஆனால், காலண்டரில் ஒரு செவ்வாய்க்கிழமை முழுசாகக் காணோம்! உங்கள் டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் '+2' என்று இருக்கும். அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் கல்யாண முகூர்த்தம், இன்டர்வியூ, ஹோட்டல் புக்கிங் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போய்விடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அன்று பழையபடி பின்னால் வைப்பார்கள். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் அந்த வழக்கம் இல்லை. அதனால் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி வித்தியாசம். நமக்கு அது ஒன்பதரையும் பத்தரையும். இந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டிப் பயணம் இருந்தால், நேரத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

அந்த 24 மணி நேர விமானம் என்ன கதை?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இதே நிறுவனத்தின் இன்னொரு விமானமும் இருக்கிறது. எண் எஸ்.க்யூ 26. அது ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி, பயணிகளை ஏற்றி-இறக்கி, மறுபடி கிளம்பும். அதனால்தான் மொத்தம் ஏறக்குறைய 24 மணி நேரம். தூரத்தைப் பார்த்தால் சிங்கப்பூர் - ஃப்ராங்க்ஃபர்ட் சுமார் 10,260 கி.மீ., அங்கிருந்து ஜே.எஃப்.கே சுமார் 6,200 கி.மீ.

இங்கே மூன்று வார்த்தைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'நான்-ஸ்டாப்' என்றால் நடுவில் எங்கும் இறங்காது. 'டைரக்ட்' என்றால் விமான எண் ஒன்றுதான், ஆனால் நடுவில் இறங்கலாம். 'கனெக்டிங்' என்றால் நீங்கள் வேறு விமானம் மாற வேண்டும். பேச்சுவழக்கில் 'டைரக்ட் ஃப்ளைட்' என்று எல்லோரும் நான்-ஸ்டாப்பைத்தான் சொல்கிறோம். டிக்கெட் உலகில் அது வேறு. 'டைரக்ட்' என்று பார்த்து சந்தோஷப்படும் முன், பக்கத்தில் '1 ஸ்டாப்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடவே ஏர்போர்ட்டின் பெயரும். 'நியூயார்க்' என்று தேடினால் ஜே.எஃப்.கே-யும் வரும், நியூவார்க்கும் வரும். பெயர் ஒரே மாதிரி காதில் விழுந்தாலும் நியூவார்க் இருப்பது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டுக்குமே நான்-ஸ்டாப் விடுகிறது. இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் முப்பது கி.மீ. சொச்சம்தான். ஆனால், நடுவில் இருப்பது நியூயார்க் ட்ராஃபிக்.

இவ்வளவு தூரம் பறக்க என்ன விலை?

இந்த ரூட் 2004 ஜூனில் நியூவார்க்குக்குத்தான் முதலில் தொடங்கியது. அப்போது பறந்தது நான்கு இன்ஜின் ஏர்பஸ் ஏ340-500. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, இரண்டு இன்ஜின் ஏ350-900 யூ.எல்.ஆர் வந்த பிறகு, 2018 அக்டோபர் 11 அன்று மறுபடி ஆரம்பித்தார்கள். 2020 நவம்பர் 9 முதல் ஜே.எஃப்.கே-க்கும் பறக்கிறது.

இந்த ரகத்தின் டேங்கில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். எடையில் சொன்னால் சுமார் 130 டன். விமானத்தின் அதிகபட்ச டேக்-ஆஃப் எடையே 280 டன்தான். அதாவது டேங்க் நிரம்பினால் எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்கிக்கொண்டு பறக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். அதனால் மற்ற எடையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இதே நிறுவனத்தின் வழக்கமான நீண்டதூர ஏ350-ல் 253 சீட். இதில் 161 மட்டும்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி சீட் ஒன்றுகூட இல்லை. டிக்கெட் விலை ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இந்தச் சாதனையையும் முறியடிக்க ஒருவர் வரிசையில் நிற்கிறார். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ், சிட்னி - லண்டன் நான்-ஸ்டாப் திட்டத்தை வைத்திருக்கிறது. தூரம் சுமார் 17,000 கி.மீ. பயண நேரம் 20 மணி நேரத்தைத் தாண்டும்.

நம்ம சென்னையிலிருந்து கணக்குப் போட்டால்?

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நான்-ஸ்டாப் கிடையாது. ஆனால், நூல் பிடித்து அளந்தால் தூரம் சுமார் 13,470 கி.மீ.தான். சிங்கப்பூரிலிருந்து போவதைவிடக் குறைவு. வேறு ஊர் வழியாக மாறிப் போனால் எவ்வளவு கூடுகிறது, பாருங்கள் (எல்லாம் தோராயமாக):

* லண்டன் வழியாக: 13,770 கி.மீ. (300 கூடுதல்)
* ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக: 13,800 கி.மீ. (330 கூடுதல்)
* துபாய் வழியாக: 13,950 கி.மீ. (480 கூடுதல்)
* சிங்கப்பூர் வழியாக: 18,260 கி.மீ. (4,790 கூடுதல்)

முதல் மூன்றும் நம் நூலுக்கு அருகிலேயே இருக்கின்றன. சிங்கப்பூரோ எதிர்ப் பக்கம். தாம்பரத்திலிருந்து சென்ட்ரல் போக, முதலில் செங்கல்பட்டு போய் ட்ரெயின் பிடிப்பது மாதிரி. 

ஆனால், கி.மீ.யை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். 500 கி.மீ. சுற்று என்பது வானத்தில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. நடுவில் ஏர்போர்ட்டில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியா, பதினொன்றா என்பதுதான் உங்கள் பயணத்தின் மொத்த நீளத்தைத் தீர்மானிக்கும். ஆப்பில் 'மொத்த நேரம்' என்ற வரியைப் பாருங்கள். கூடவே அதற்குள் எவ்வளவு நேரம் பறக்கிறோம், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று பிரித்துப் பாருங்கள்.

18 மணி நேரம் உடம்புக்குத் தாங்குமா?

தாங்கும், கொஞ்சம் கவனம் இருந்தால். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த ஆபத்தே மிகக் குறைவு என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், ரத்த உறைவுப் பிரச்னை இருந்தவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. கேபின் காற்று ரொம்ப வறட்சியாக இருக்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

ஜெட்லாக்? பகல் அப்படியே இரவாக மாறும் ரூட் இது. இறங்கிய முதல் சில நாட்களில் மதியம் தூக்கம் சொக்கும், நள்ளிரவில் பசிக்கும். போய்ச் சேர்ந்த மறுநாளே முக்கியமான தேர்வோ மீட்டிங்கோ வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் வெளியே வெயிலில் நடப்பது உடம்பின் கடிகாரத்தைச் சீக்கிரம் சரிசெய்யும்.

டிக்கெட் போடும் முன் ஆறு கேள்விகள்

1. இது நான்-ஸ்டாப்பா, டைரக்ட்டா, கனெக்டிங்கா?
2. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1', '+2' இருக்கிறதா? எந்தக் கிழமை இறங்குகிறேன்?
3. எந்த ஏர்போர்ட்? ஜே.எஃப்.கே-யா, நியூவார்க்கா?
4. எல்லா விமானமும் ஒரே பி.என்.ஆர்-ல் இருக்கிறதா? தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்த நஷ்டம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.
5. அமெரிக்காவுக்குள் இன்னொரு ஊருக்குப் போக வேண்டுமா? பெரும்பாலும் முதலில் இறங்கும் ஏர்போர்ட்டிலேயே இமிக்ரேஷன் முடித்து, லக்கேஜை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு நேரம் விட்டிருக்கிறேனா?
6. நடுவில் மாறும் நாட்டுக்கு டிரான்ஸிட் விசா வேண்டுமா?

அடுத்த முறை யாராவது 'அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்டால், உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். 'எந்த மாசம், எந்த வழி, எந்த டிக்கெட்?' என்று திருப்பிக் கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது. ஹேப்பி ஜர்னி!